கல்லடி – கொக்கட்டிச்சோலை குடும்பம் (மட்டக்களப்பு) 🌴

*பெரியம்மா (கல்லடி):* நித்திர வருகுதில்ல. பத்தரையாகியும் சுவரத் தொட்டா கை சுடுது. பகல் முழுக்கக் கச்சான் காத்து அடிச்சது, இப்ப இலை அசையல்ல.

*ராஜன் மாமா (கொக்கட்டிச்சோலை):* இஞ்ச நான் போர்வை தேடுறன் அக்கா 😄

*பெரியம்மா:* பொய் சொல்லாத தம்பி

*ராஜன் மாமா:* சரி, போர்வை பொய். ஃபேன் ஒண்டுல ஓடுறது உண்மை. வயல் பக்கத்தால ஒள்ளுப்பம் குளிரா வருகுது.

*சிந்து:* கச்சான் மலையால இறங்கக்குள்ள வாவிக்கு ரெண்டு கரையையும்தான் வறுக்கும் பெரியம்மா. பகல்ல பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் இரவுலதான். வயல்ல தண்ணி ஆவியாகிச் சூட்ட எடுத்திரும். டவுன்ல தாரும் கொங்கிறீட்டும் பகல்ல குடிச்சு வச்சதை இரவு முழுக்கக் கக்கும். உங்கட வீட்டுக்கும் பக்கத்து மாடி வீட்டுக்கும் நடுவுல ஒராள்தான் போகலாம், அந்தச் சூடு எங்கால போகும்?

*சிந்து:* இது புதுசில்ல. லண்டன்ல லூக் ஹோவர்ட் எண்டவர் 1800களின் தொடக்கத்திலயே அளந்து எழுதிட்டார், இரவுல வெளியூரை விட நகரம்தான் சூடு எண்டு.

*கோபி (கொழும்பு):* ஏசி போடுங்க, முடிஞ்சுது

*சிந்து:* உங்கட ரூம் சூட்டைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு அனுப்புறீங்க அண்ணா. அதான் ஏசி.

*பெரியம்மா:* நாளைக்கு வளவுக்கு இன்டர்லாக் கல்லுப் போட ஆள் வருது புள்ள. மணல் காலோட உள்ள வருகுது, கூட்டி முடியல்ல. வேர் கல்லத் தூக்குமாம், வேம்பையும் தறிக்கச் சொல்றான்.

*சிந்து:* ஐயோ வேண்டாம்! நிழலும் போகும், மாரி மழை மணலுக்குள்ள இறங்காம ரோட்டுக்கு ஓடும். கிணத்துக்கு எங்கால தண்ணி?

*ராஜன் மாமா:* டவுன் சூட்டால மழை கூடுமா குறையுமா? அதச் சொல்லு.

*சிந்து:* பெரிய நகரமெண்டா சூடான காத்து மேல எழும்பி மேகம் கட்டும். அமெரிக்காவில செயின்ட் லூயிஸ்ல 1971 தொடக்கம் 75 வரை ஆராய்ஞ்சாங்க. கோடை மழை கூடினது காத்து தள்ளிக்கொண்டு போற பக்கத்து ஊர்களுக்கு.

*ராஜன் மாமா:* கடல்காத்து உங்கட பக்கத்தால எங்களுக்குத்தானே வரும்? அக்கா, உடன போடுங்க இன்டர்லாக்! 🌧️🌾

*சிந்து:* 😂 மாமா, கல்லடி அந்தளவுக்குப் பெரிசில்ல. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வாவி. உங்கட வயலுக்கு மழை வாடைக்காத்தோடதான்.

*பெரியம்மா:* கேற்றடியில இருந்து வாசல் வரைக்கும் மட்டும் போட்டா?

*சிந்து:* அது காணும். வேம்புல கை வைக்க விடாதீங்க.

*பெரியம்மா:* எல்லாக் கல்லுக்கும் அட்வான்ஸ் குடுத்திட்டனே. திருப்பித் தருவானா?

*ராஜன் மாமா:* தரமாட்டான். மிச்சத்த இஞ்ச ஏத்தி விடுங்க, மாட்டுக் கொட்டிலுக்குப் போடுவம்.