அக்காவின் பேரியாட்ரிக் (உடல் பருமனைக் குறைக்கும்) ஆபரேஷனும் இன்சூரன்ஸும்: எங்கள் அனுபவம்

போன வருடம் நடந்தது, இதே அலைச்சலில் இருப்பவர்களுக்கு உதவட்டும். அக்காவின் உயரம் 155 செ.மீ., எடை 87 கிலோ, பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் அளவு) 36. இன்சுலின் போட்டும் சுகர் அடங்கவில்லை. ராத்திரி படுத்தால் மூச்சு நின்று நின்று வரும். கடைசி ஆறு மாதம் சோபாவில் சாய்ந்தபடிதான் தூங்கினாள். அம்மா கீழே பாய் போட்டுப் படுத்து, குறட்டைச் சத்தம் நின்றால் உடனே தோளைத் தட்டி எழுப்புவார்.

டாக்டர் ஆபரேஷன் என்றார், கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினோம். மறுநாளே மறுப்பு: எடைக் குறைப்பு, அழகு சார்ந்த சிகிச்சை, பாலிசியில் சேராது. அதைப் படித்துவிட்டு அக்கா அழுதாள். மூச்சு விடத் திணறுகிறவளுக்கு அழகு சிகிச்சையாம், எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் பாலிசியை வரி வரியாகப் படித்தேன். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019ல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்த விலக்குப் பட்டியலில் உடல் பருமன் இருக்கிறது, ஆனால் நிபந்தனைக்கு உட்படாத ஆபரேஷனுக்குத்தான் பணம் கிடையாது. டாக்டர் சொல்லியிருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், பிஎம்ஐ 40 வேண்டும். 35 என்றால் கூடவே இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), கட்டுப்படாத டைப் 2 சுகர் இவற்றில் ஒன்று இருந்து, ஆபரேஷன் இல்லாத வழிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியில்தான் மாட்டிக்கொண்டோம். நாலு வருடம் நடந்தாள், சோற்றைக் குறைத்தாள், எதற்கும் காகிதம் இல்லை. வீட்டையே புரட்டியதில் டயட்டீஷியன் எழுதிய மூன்று சீட்டுகளும், ஒவ்வொரு விசிட்டிலும் நர்ஸ் எடையைக் குறித்த சுகர் நோட்டும் கிடைத்தன. 91, 86, 88, 87. அந்த நோட்டுதான் எங்களைக் காப்பாற்றியது. அதையும் ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டையும் டாக்டரின் கடிதத்தையும் வைத்துக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன், மறுத்தால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மனிடம் போவோம் என்றும் சேர்த்தேன் (அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்). ஆபரேஷனுக்குக் கைக்காசு போட்டோம், பிறகு பணம் வந்தது. எங்கள் பாலிசிக்கு ஐந்தாம் வருடம், புதிதாக எடுத்தவர்கள் காத்திருப்புக் காலத்தை (சில சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காத ஆரம்ப காலம்) முதலில் பாருங்கள்.

பதில் (லண்டனிலிருந்து):
அக்கா இப்போது நன்றாக இருக்கிறார்களா? இங்கே அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸிலும் பிஎம்ஐ அளவு 40, நோய் இருந்தால் 35, ஆனால் தெற்காசியர்களுக்கு 2.5 குறைத்துப் பார்க்கச் சொல்கிறது நைஸ் என்ற அரசு அமைப்பின் வழிகாட்டுதல். நம் உடம்புக்குக் குறைந்த எடையிலேயே சுகர் வந்துவிடுகிறதே. என் கணவருக்கு 33, அதனால்தான் பரிந்துரை கிடைத்தது. காசு ஒரு பைசா கேட்கவில்லை, வரிசைதான் நீளம்.

பதில்:
நன்றாக இருக்கிறாள், கட்டிலில் படுத்துத் தூங்குகிறாள். நீங்கள் சொன்னது உண்மை. 40, 35 என்ற கணக்கு 1991ல் அமெரிக்காவில் கூடிய மாநாட்டில் வந்தது. 2022ல் அறுவை மருத்துவர் சங்கங்களே அதை இறக்கி, ஆசியர்களுக்கு 27.5லிருந்தே ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லிவிட்டன. இங்கே விதியில் ஆசியர்களுக்கென்று தனி அளவே இல்லை, இந்தியர்களுக்காக எழுதிய விதியில்! அக்காவுக்கு மூன்று கிலோ குறைந்திருந்தால் 35க்குக் கீழே போய் க்ளெய்ம் விழுந்திருக்கும்.

இன்னொன்று, ஒரிஜினல்களைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சுகர் நோட்டு திரும்பி வரவே இல்லை.