ஆளுக்கு 2,000 போட்டாச்சு, அப்புறம்?

கடைசி பெஞ்ச் (இரவு 9.10)
நெஞ்சுவலியில் விழுந்த நம்ம கிளாஸ்மேட் வேன்காரனுக்கு 2,000 ரூபாய் இப்போதுதான் அனுப்பினேன். நம் பத்தாம் வகுப்புக் குழுவில் இரண்டு வருடத்தில் இது நாலாவது வசூல்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள், ஆள் தேறிவிட்டான். அவன் மனைவி முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் ஒன்றாக ரப்பர் பேண்ட் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கவுண்ட்டரில் சொன்ன பதில்: "காப்பீடு இங்கே எலும்புக்கு மட்டும்தான்மா, ஹார்ட்டுக்குக் கிடையாது." வாசலில் திட்டத்தின் போர்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதில் எலும்பு என்று ஒரு வார்த்தை இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுகிறவன் எந்தத் துறைக்கு அங்கீகாரம் என்று விசாரித்துவிட்டா ஏறுவான்? பில் 2,14,000.

இதைப் பேசலாமா, இல்லை "அரசியல் வேண்டாம்" என்று அட்மின் வந்துவிடுவாரா?

வெள்ளைச்சட்டை (9.25)
வந்துவிட்டேன். வேண்டாம்டா. போன தேர்தலில் மூன்று பேர் குழுவை விட்டுப் போனார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டிவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பணம் போட்டோம், ஆள் பிழைத்தான். அதோடு விடு.

கடைசி பெஞ்ச் (9.28)
பணம் கேட்டால் அரசியல் இல்லை. ஏன் கேட்க வேண்டி வந்தது என்று கேட்டால் மட்டும் அரசியலா?

கொங்குத்தம்பி (9.41)
நீ எங்கே ஆரம்பித்தாலும் மத்திய அரசைத் திட்டுவதில்தான் வந்து நிற்பாய் என்று தெரியும். அதனால் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் உச்சவிலை வைத்தது யார்? மருந்து தடவியது 29,600, சாதாரணம் 7,260, வரி தனி. வேன்காரன் நெஞ்சுக்குள் இருக்கிற ஸ்டென்ட் அந்த முடிவால்தான் இன்னும் கட்டுப்பட்ட விலையில் வந்திருக்கிறது. அதற்கு ஒரு நன்றி சொன்னாயா?

பருத்திக்காடு (9.58)
நன்றி சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அது வானத்திலிருந்து விழவில்லை தம்பி. டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் பொதுநல வழக்குப் போட்டார். அதற்கப்புறம்தான் 2016-ல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது, அடுத்த வருடம் விலை இறங்கியது. ஒருத்தர் வாயைத் திறந்ததால் வந்தது. கடைசி பெஞ்சும் அதைத்தானே கேட்கிறான்?

ஸ்டெத்து (10.15)
எல்லோரும் ஆஸ்பத்திரியைத்தான் பிடிப்பீர்கள் என்று தெரியும். சரி, அந்தப் பக்கத்துக்காக நான் பேசுகிறேன்.

என்னுடையது இருபது படுக்கை. காப்பீட்டில் ஒரு அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் நிர்ணயித்துவிடுகிறார்கள். நர்ஸ் சம்பளம், ஜெனரேட்டர் டீசல், மருத்துவக் கழிவு எடுக்கிறவனுக்குக் கட்டணம் எல்லாம் வருடா வருடம் ஏறுகிறது. பேக்கேஜ் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. அனுப்பிய கிளெய்ம் எப்போது பணமாகும் என்று தெரியாமல் நான் வங்கியில் ஓவர் டிராஃப்ட் எடுத்துச் சம்பளம் போட்ட மாதங்கள் உண்டு. "மலிவு, மலிவு" என்கிறீர்களே, யார் பையிலிருந்து? அரசு சரியாகச் செலவு செய்யாமல் அந்த மலிவை என் தலையில் கட்டினால், என் மாதிரி சின்ன ஆஸ்பத்திரி மூடும், கார்ப்பரேட் வரும். அப்போது 2,000 பத்தாது, ஆளுக்கு 20,000 வசூல் பண்ணுங்கள்.

பருத்திக்காடு (10.22)
இதில் நான் உன் பக்கம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில், 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாகும் என்று எழுதினார்கள். வருடம் வந்துவிட்டது, சதவீதம் வரவில்லை.

வெள்ளைச்சட்டை (10.40)
பேசக்கூடாது என்று சொன்னவன் நான்தான், இருந்தாலும் ஒன்று. இந்தக் காப்பீட்டை 2009-ல் கலைஞர் கொண்டுவந்தார், ஒத்துக்கொள்கிறேன். 2012-ல் அம்மா அதை விரிவான திட்டமாக்கினார். பெயர் மாறியது, திட்டம் நின்றது. ஆனால் 2020 டிசம்பரில் தொடங்கிய அம்மா மினி கிளினிக்கை ஆட்சி மாறியதும் இழுத்து மூடினார்களே, அதை யாராவது கேட்டீர்களா? எங்கள் தெருமுனையில் இருந்தது. என் அம்மா சுகருக்கு அங்கேதான் நடந்து போவார்.

செங்காந்தள் (10.47)
இப்போது மக்களைத் தேடி மருத்துவம் என்று சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறதே. அம்மா நடக்க வேண்டியதில்லை.

வெள்ளைச்சட்டை (10.49)
அவருக்கு நடப்பதுதான் பிடிக்கும். நாலு பேரைப் பார்ப்பார்.

கடைசி பெஞ்ச் (11.02)
பார்த்தீர்களா, யாரும் குழுவை விட்டுப் போகவில்லை.

சண்டை வரும் என்று பயப்படுகிறீர்கள். எனக்கென்னவோ இந்த ஊரில் சண்டைதான் தொகையை ஏற்றியது என்று தோன்றுகிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் ஒரு ஆட்சி 6,000 ஆக்கியது, 2011-ல் அடுத்த ஆட்சி 12,000 ஆக்கியது, அப்புறம் 18,000 ஆனது. யார் பெருமை என்று அவர்கள் அடித்துக்கொள்ளட்டும், பணம் பிள்ளை பெற்றவளுக்குப் போகிறது. காப்பீட்டின் வருமான வரம்பும் அப்படித்தான், வருடத்துக்கு 72,000 என்று இருந்தது 1,20,000 ஆனது. அதுகூட மாதம் பத்தாயிரம்தான். வேன் ஓட்டி பத்தாயிரத்து ஐநூறு சம்பாதித்தால் பணக்காரன்.

சிஸ்டர் (11.20)
டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். இங்கே யாரும் ஜி.எச். பக்கமே வரவில்லை.

மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் வந்தது. மொத்தமாக டெண்டர் போட்டு வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, அப்புறம்தான் எங்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கி மாதிரி பாஸ்புக் உண்டு, அதில் இருக்கும் தொகைக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை ஆட்சி மாறியும் அதை யாரும் கலைக்கவில்லை. அதே சமயம் என் வார்டில் நேற்று ராத்திரி இரண்டு பேர் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். இரண்டும் உண்மை. செங்காந்தள் முதலாவதை மட்டும் சொல்வார், கொங்குத்தம்பி இரண்டாவதை மட்டும் சொல்வார்.

கொங்குத்தம்பி (11.34)
சரி சிஸ்டர், அடி வாங்கிக்கொண்டேன். என் பங்குக்கு ஒன்று. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இருந்ததே, அதை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதியவர் எங்கள் பா.ஜ.க. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி. அவரிடம் மனு கொடுத்தது நாக்பூர் எல்.ஐ.சி. ஊழியர் சங்கம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு வரி இல்லை. ஆளும் கட்சியில் இருந்துகொண்டே கேட்கலாம். அப்படி என்றால் இந்தப் போர்டு விஷயத்துக்கு மனு எழுது, நானும் கையெழுத்துப் போடுகிறேன். தலைவர் பெயர் எதுவும் வரக்கூடாது, திட்டுவதும் கூடாது.

கடைசி பெஞ்ச் (11.41)
ஒரே ஒரு கோரிக்கை: எந்தெந்தத் துறைக்குக் காப்பீடு உண்டு என்று வாசல் போர்டிலேயே தமிழில், பெரிய எழுத்தில் போட வேண்டும். கலெக்டருக்கு, திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில். ஸ்டெத்து, நீ போடுவாயா?

ஸ்டெத்து (11.50)
என் வாசல் போர்டிலும் "காப்பீடு உண்டு" என்றுதான் இருக்கிறது. நாளைக்கு பெயின்டரைக் கூப்பிடுகிறேன். அப்புறம் கையெழுத்து. பேக்கேஜ் தொகையை உயர்த்தச் சொல்லி இரண்டாவது மனு எழுதினால் அதற்கு நீங்கள் எல்லோரும் போட வேண்டும்.

பருத்திக்காடு (11.52)
படித்துப் பார்த்துத்தான் போடுவேன்.

சிஸ்டர் (11.58)
வேன்காரன் மனைவி போன் பண்ணினார். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிய மாத்திரை மாதம் 1,900 ரூபாய் ஆகுமாம். எல்லாம் கம்பெனி பெயரில் இருக்கிறது, உள்ளே என்ன மருந்து என்று பார்க்க வேண்டும். யாராவது நாளைக் காலை அந்தச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாடின் என்றால் எங்கள் ஓ.பி.யில் சும்மா கிடைக்கும். கொங்குத்தம்பி, உன் வீடுதானே பக்கம்?