அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர் எண்களுக்கு என்ன பொருள்?

கேள்வி

வணக்கம். என் மோடத்தின் அடாப்டர் பழுதாகிவிட்டது. அதன் மேல் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சிடப்பட்டுள்ளது. கைவசம் இருக்கும் மற்றோர் அடாப்டரிலோ 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருக்கிறது. இதைச் செருகினால் இரண்டு ஆம்பியர் பாய்ந்து மோடம் கருகிவிடாதா? ஓம் விதியைப் (மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை) பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தும், மின்னழுத்தமும் மின்னோட்டமும் நடைமுறையில் எதைக் குறிக்கின்றன என்பது எனக்கு விளங்கவில்லை. மின்சாரம் நின்றால் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் யுபிஎஸ் கருவிகளின் அளவை வாட்டில் சொல்லாமல் விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று போடுவது ஏன் என்பதையும் யாரேனும் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

கருகாது, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டுமே நேர்மின்னோட்டம் (ஒரே திசையில் பாயும் டிசி) தருபவைதானா, செருகுமுனையின் நடுவில் இருப்பது இரண்டிலும் நேர்முனைதானா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

அந்த இரண்டு எண்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. 12 வோல்ட் என்பது அடாப்டர் எப்போதும் கொடுக்க முயலும் அளவு. 2 ஆம்பியர் என்பது அதனால் கொடுக்க முடிந்த உச்ச அளவு. அந்த வரம்புக்குள் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதை மோடமே தீர்மானிக்கிறது. 0.6 ஆம்பியர் போதுமென்றால், பின்னால் 2 ஆம்பியர் அடாப்டர் இருந்தாலும் 0.6 ஆம்பியர்தான் ஓடும்.

மின்னழுத்தம் என்பது ஒரு கூலும் மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்குச் செல்லும்போது கைமாறும் ஆற்றல். அதனால்தான் அதை எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கிறோம், ‘வோல்ட் பாய்கிறது’ என்று சொல்வதில்லை. பாய்வது மின்னோட்டம்: விநாடிக்கு ஒரு கூலும் கடந்தால் அது ஓர் ஆம்பியர். ஒரு கூலும் என்பது ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்களின் மின்னூட்டம்.

நீங்கள் அஞ்ச வேண்டியது வோல்ட் மாறுவதற்குத்தான். 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டரைச் செருகினால் மோடம் பாழாகலாம். 2 ஆம்பியர் கேட்கும் கருவிக்கு 1 ஆம்பியர் அடாப்டரைப் போட்டாலும் சிக்கல்தான். அடாப்டர் சூடேறும், மின்னழுத்தம் சரியும், கருவி அடிக்கடி அணைந்து எழும்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. மின்தடையைப் பற்றி, அதாவது மின்னோட்டத்தை ஒரு பொருள் எதிர்க்கும் அளவைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். 1827-இல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாத உலோகக் கம்பிக்கு நன்றாகப் பொருந்தும். மோடம் போன்ற மின்னணுக் கருவிக்கு அப்படியே பொருந்தாது.

ஆனால் கம்பியும் பிளக்கும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவையே, அங்குதான் ஆபத்தும் இருக்கிறது. தளர்ந்த பிளக் ஒன்றில் வெறும் 0.5 ஓம் தடை உருவாகி, அதன் வழியே 10 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இழக்கப்படுவது 5 வோல்ட்தான். 230 வோல்ட்டில் அதை யாரும் கவனிக்கப்போவதில்லை. எனினும் அந்தச் சிறிய இடத்தில் 50 வாட் வெப்பம் உண்டாகிறது, அதாவது 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டின் வெப்பம். மின்னோட்டம் இரட்டித்தால் இந்த வெப்பம் நான்கு மடங்காகும். உருகும் பிளக்குகளில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

கேட்டவர்

நன்றி, அடாப்டர் விஷயம் தெளிவாகிவிட்டது. விஏ பற்றியும், மின்கட்டணத்தில் வரும் யூனிட் பற்றியும் சொல்ல முடியுமா?

மறுமொழி 3

வாட் என்பது ஆற்றல் செலவாகும் வேகம். யூனிட் என்பது செலவான ஆற்றலின் மொத்த அளவு. 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினாலும், 10 வாட் விளக்கு 100 மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட்தான், அதாவது 36 லட்சம் ஜூல். ஆகவே ‘மணிக்கு 10 வாட்’ என்று எழுதுவது பிழை, விற்பனைக் குறிப்புகளில் அது எத்தனை முறை வந்தாலும்.

நேர்மின்னோட்டத்தில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும். வீட்டு இணைப்பில் வரும், திசை மாறி மாறிப் பாயும் மாறுமின்னோட்டத்திலோ (ஏசி), மோட்டார் போன்ற கருவிகளில் மின்னோட்டத்தின் உச்சம் மின்னழுத்தத்தின் உச்சத்துக்குப் பின்தங்கி வருவதால், எடுக்கும் ஆற்றலில் ஒரு பகுதி ஒவ்வொரு சுழற்சியிலும் திரும்பிச் சென்றுவிடுகிறது. வெறும் பெருக்குத்தொகை விஏ. உண்மையில் செலவாவது வாட். இரண்டுக்கும் உள்ள விகிதம் திறன் காரணி. திரும்பிச் செல்லும் பகுதிக்கான மின்னோட்டமும் யுபிஎஸ்ஸின் சுருள்களைச் சூடாக்கத்தான் செய்கிறது என்பதால், தயாரிப்பாளர் விஏ வரம்பைச் சொல்லியாக வேண்டும். திறன் காரணி 0.6 எனக் குறிக்கப்பட்ட 600 விஏ யுபிஎஸ் 360 வாட்டுக்கு மேல் தாங்காது. வாங்கும்போது இரண்டு எண்களையும் பாருங்கள். வாட் எண்ணை உள்ளே சிறிய எழுத்தில்தான் போட்டிருப்பார்கள்.