கிட்டில் ஒரு கோடுதான் வந்தது

போன ஐப்பசி அடைமழையில் நடந்தது. எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு அப்போது மூன்று மாதம். ஒன்றரை மாதத்தில் ஒரு தடுப்பூசி போட்டதோடு சரி, அடுத்ததைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். ஒருநாள் காலையில் சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை, மத்தியானம் நுரைநுரையாக வாந்தி, ராத்திரி தண்ணியாகப் போக ஆரம்பித்துவிட்டது. ஆச்சி மாதுளந்தோலை வேகவைத்துக் கொடுத்துப் பார்த்தாள், அதையும் கக்கிவிட்டது.

விடிந்ததும் பக்கத்தில் ஒரு கிளினிக். பஞ்சுக்குச்சியால் ஆசனவாயில் சாம்பிள் எடுத்து, திரவத்தில் கலக்கி, பார்வோ என்கிற குடல் வைரஸ் நோய் இருக்கிறதா என்று காட்டும் சோதனைக் கிட்டில் சொட்டு விட்டார்கள்; இருந்தால் இரண்டு கோடு. பத்து நிமிஷத்தில் ஒரே கோடு. 'பார்வோ இல்ல, புழுவா இருக்கும்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் வருத்தம் அந்த 'இல்ல' மேல்தான், நாளைக்கு இன்னொருதரம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் ரத்தமாகப் போனது. அந்த நாற்றத்தை ஒருமுறை மோந்தவன் மறக்கமாட்டான். ஆட்டோ பிடித்து ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளையணு பாதாளத்தில் கிடக்கிறது. திரும்பக் கிட் வைத்தார்கள், இந்தத் தடவை இரண்டாவது கோடு பென்சிலால் லேசாக இழுத்த மாதிரி வந்தது.

அங்கே ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் புரிந்தது. மலத்தில் வைரஸ் ஓரளவுக்கு மேல் இறங்கினால்தான் கிட் காட்டும்; ஆரம்பத்தில் அது குறைவாக இருக்கலாம், பிந்திப் போனாலோ குட்டியின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் வைரஸை மூடிக்கொள்ளும், அப்போதும் ஒரு கோடுதான். பிசிஆர் என்கிற ஆய்வகச் சோதனை என்றால் வைரஸின் மரபணு துளி இருந்தாலும் பெருக்கிக் காட்டிவிடும், ஆனால் முடிவு வரக் காத்திருக்க வேண்டும். பார்வோ வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அடிக்கிற ஜாதி, அதனால்தான் குடலோடு எலும்பு மஜ்ஜையும் மாட்டி வெள்ளையணு விழுகிறதாம். ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றிப் பிழைத்தது.

* * *

அண்ணாச்சி, எங்கள் வீட்டில் நேர் எதிர். தடுப்பூசி போட்டு ஆறாம் நாள் லேசாக வயிற்றுப்போக்கு, கிட்டில் இரண்டு கோடு. அழுதுவிட்டேன். ஆனால் குட்டி ஓடுகிறது, தின்கிறது, வெள்ளையணுவும் சரியாக இருந்தது. ஊசியில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ், அது மலத்தில் வெளியேறும்போது கிட்டும் பிசிஆரும் ஏமாறலாமாம். ஊசி போட்ட தேதியை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், நான் மூன்றாவது கேள்வியில்தான் சொன்னேன்.

* * *

எங்கள் குட்டிக்கு பார்வோ வரவே இல்லை, பிசிஆரில் வந்தது நாய் கொரோனா! வாய் தவறிச் சொல்லிவிட்டேன், பக்கத்து வீட்டு மதினி ஒரு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. அது கோவிட் இல்லை, நாய்க்குடலில் வருவது வேறு, பெரும்பாலும் லேசாகவே போய்விடும் என்று எத்தனை தடவை சொன்னாலும் மூக்கில் முந்தானைதான்.

* * *

முற்றத்தை எதை வைத்துக் கழுவினீர்கள்? நான் மூன்று பாட்டில் பினாயில் ஊற்றினேன்.

* * *

பினாயில் வேண்டாம் அண்ணாச்சி, பார்வோ அதற்கு அசையாது. முதலில் மலத்தை வழித்து எடுத்துக் கழுவிவிட்டு, அப்புறம் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். மண்தரைதான் பாடு, அதில் வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும். அடுத்த குட்டிக்கு நாலு மாதம்வரை ஊசியெல்லாம் முடியட்டும், அப்புறம் மண்ணில் இறக்கிவிடுங்கள்.