அம்மாவுக்குத் திடீர்க் கழுத்து வலி, காய்ச்சல்: எக்ஸ்ரே எடுத்த பிறகும் சி.டி. எதற்கு?

பாளையங்கோட்டை மகள்:
அம்மாவுக்கு 74 வயது. செவ்வாய்க்கிழமை காலை வாசல் தெளிக்கக் குனிந்தவர், கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பின்மண்டை வரை வலி. கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புகிறார். தலையணையை மாற்றினோம், தைலம் தடவினோம். சுளுக்கு எடுக்க வந்தவரைத் தொடவே விடவில்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு ‘சி5, சி6 தேய்மானம்’, அதாவது ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகள் தேய்ந்திருக்கின்றன என்று கழுத்துப் பட்டை கொடுத்தார்கள். புதன் இரவு காய்ச்சல் 101.

நேற்று வேறொரு மருத்துவரிடம் போனோம். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தத்தில் அதிகமாம், கழுத்தின் மேல்பகுதிக்கு சி.டி. எடுக்கச் சொல்கிறார். எடுப்பதென்றால் பெரிய ஸ்கேனான எம்.ஆர்.ஐ.யே எடுத்துவிடலாமே என்கிறான் தம்பி. மூளைக் காய்ச்சலாக இருக்குமோ என்று எனக்குப் பயம். எதைச் செய்வது?

ஸ்கேன் அறை:
சகோதரி, நான் மருத்துவர் இல்லை. 22 ஆண்டுகளாக ஸ்கேன் எடுப்பவன். எக்ஸ்ரே, அதற்கு மேல் சி.டி., அதற்கும் மேல் எம்.ஆர்.ஐ. என்று படிக்கட்டுப் போல நினைப்பவர்களை தினமும் பார்க்கிறேன். அப்படி இல்லை. தண்டுவடம், நரம்பு, ஜவ்வு, சீழ் இவற்றை எம்.ஆர்.ஐ. அருமையாகக் காட்டும். ஆனால் சுண்ணாம்புப் படிவு அதில் கறுப்பாகி, சுற்றியுள்ள கறுப்போடு கலந்துவிடும். சி.டி.யில் அரிசிக் குருணை அளவு இருந்தாலும் வெள்ளையாகப் பளிச்சிடும். உங்கள் மருத்துவர் அதைத்தான் தேடுகிறார் என்று தோன்றுகிறது.

இரண்டாவது கழுத்தெலும்பில் பல்லைப் போல ஒரு முளை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் எலும்பு வளையம் போல அதைச் சுற்றித் திரும்பும். நாம் தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி அங்கேதான் நடக்கிறது. வயதானவர்களுக்கு அந்த முளையைச் சுற்றியுள்ள தசைநார்களில் சுண்ணாம்புப் படிகங்கள் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று அழற்சி கிளம்பும். முளைக்குக் கிரீடம் வைத்தது போலத் தெரிவதால் ‘கிரவுண்ட் டென்ஸ்’ என்று பெயர். சாதாரண எக்ஸ்ரேயில் தாடையும் பற்களும் அந்த இடத்தை மறைத்துவிடும். தேய்மானம் இந்த வயதில் பெரும்பாலோருக்கு இருப்பதுதான். அது செவ்வாய்க்கிழமை காலையில் வந்ததில்லை!

இன்னொன்று. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் மூளை உறைத் தொற்றையும் பார்த்தே ஆக வேண்டும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தயவுசெய்து மறுக்காதீர்கள். அம்மாவுக்கு முன்பு முழங்கால் வீங்கியதுண்டா?

மதுரைக்காரன்:
அக்கா, சுளுக்கு எடுக்க விடாதது நல்லதாயிற்று. என் அண்ணனுக்கு 38 வயது. சலூனில் முடி வெட்டிய பிறகு கழுத்தை நெட்டி முறித்தார்கள். அன்று இரவே இடப்பக்கம் மட்டும் வலி. மறுநாள் தலைசுற்றல், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. முதலில் எடுத்த சாதாரண சி.டி.யில் ஒன்றுமில்லை. மருந்து ஏற்றி ரத்தக்குழாய்களுக்கு எடுத்த சி.டி.யில்தான் மூளைக்குப் போகும் குழாயின் உட்சுவர் கிழிந்திருப்பது தெரிந்தது. அதே சி.டி.தான், எடுத்த விதம் வேறு. கழுத்து வலியோடு தள்ளாட்டமோ பேச்சுக் குழறலோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

பாளையங்கோட்டை மகள்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலையே சி.டி. எடுத்துவிட்டோம், படுக்க வைத்து எழுப்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மருத்துவர் கணினித் திரையில் படத்தை ஒவ்வொரு அடுக்காக நகர்த்திக் காட்டினார். அந்த முளையின் தலையில், பின்பக்கமாக வளைந்து, பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். நீங்கள் சொன்ன அதே பெயரைச் சொன்னார். தொற்றுக்கான அறிகுறி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சிறுநீரகப் பரிசோதனையும் பார்த்த பிறகே அழற்சியைக் குறைக்கும் கோல்சிசின் மருந்தைக் கொடுத்தார். இன்று காய்ச்சல் இல்லை. பட்டையைக் கழற்றிவிட்டுச் சன்னல் பக்கம் தலையைத் திருப்பிப் பால்காரரிடம் பேசினார்.

முழங்கால் பற்றிக் கேட்டீர்களே, எப்படித் தெரிந்தது? போன ஆண்டு வலது முழங்கால் வீங்கி நீர் எடுத்தோம். அதையும் மூட்டுத் தேய்மானம் என்றுதான் சொன்னார்கள்.

ஸ்கேன் அறை:
அதே படிகம் முழங்காலிலும் சேரும், சகோதரி. பழைய முழங்கால் எக்ஸ்ரே வீட்டில் இருந்தால் அடுத்த முறை எடுத்துப் போய்க் காட்டுங்கள். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.