சேலையை முறுக்காத பல்சேட்டர் எது? சிறிய செமி ஆட்டோமேட்டிக் சலவை இயந்திரம் வாங்குவது பற்றி ஒரு கேள்வி

கேள்வி: நங்கநல்லூர், சென்னை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் முதல் மாடியில் ஒரு சிறிய வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். துணி துவைப்பதற்கென்று தனியிடம் கிடையாது. குளியலறைக்கு வெளியே இரண்டடி அகலத்தில் ஒரு மூலை மட்டும் உள்ளது. குழாயில் தண்ணீர் காலையில் சிறிது நேரமே வருவதால், வாளியில் பிடித்து வைத்து ஊற்றிக்கொள்ளக்கூடிய செமி ஆட்டோமேட்டிக்தான் எங்களுக்குச் சரிப்படும். முதல் ஈட்டுத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே மிதியடிகளையும் துடைக்கும் துணிகளையும் போட்டு எடுக்கலாம் என்பதும் ஒரு காரணம்.

என் மாமியார் பருத்திச் சேலை மட்டுமே உடுத்துபவர். மாமனார் எட்டு முழ வேட்டி கட்டுபவர். முன்பு இருந்த வீட்டில் உரிமையாளரின் இயந்திரத்தில் போட்டபோதெல்லாம் சேலையும் வேட்டியும் வடக்கயிறுபோல் முறுக்கிக்கொண்டு வெளியே வந்தன. அவற்றைப் பிரித்தெடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். ஒரு சேலை கரையோரமாகக் கிழிந்தும்போனது.

கடையில் மூன்று விதங்களைக் காட்டினார்கள். முதலாவது, 3 கிலோ அளவுள்ள ஒற்றைத் தொட்டி இயந்திரம். துவைத்து முடித்ததும் அதே தொட்டிக்குள் ஒரு பிழியும் கூடையைப் பொருத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவது, 7 கிலோ இரட்டைத் தொட்டி. துவைக்கும் தொட்டியின் அடியில், தண்ணீரையும் துணியையும் சுழற்றும் தட்டான பல்சேட்டர் தட்டையாக இருந்தது. மூன்றாவதும் 7 கிலோ இரட்டைத் தொட்டிதான். ஆனால் பல்சேட்டரின் நடுவில் முழங்கை உயரத்திற்கு இறக்கைகள் வைத்த ஒரு தண்டு எழும்பி நின்றது. அதை அஜிடேட்டர் என்றும், கையால் கசக்குவதுபோல் துவைக்கும், துணி முறுக்காது என்றும் விற்பனையாளர் சொன்னார். அது உண்மைதானா? விவரம் அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: இயந்திரப் பழுது பார்ப்பவர், மதுரை

வணக்கம் சகோதரி. அஜிடேட்டர் என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பொருள்களுக்குக் கடைக்காரர்கள் பயன்படுத்துவதால்தான் இந்தக் குழப்பம். பழைய அமெரிக்க இயந்திரங்களில் நடுத்தண்டு முழுச்சுற்று சுற்றாது. அரைச் சுற்று அளவுக்கு ஒரு பக்கம் திரும்பி, உடனே மறுபக்கம் திரும்பும். துணி அதைச் சுற்றிக்கொள்வதற்குள் தண்டு திரும்பிவிடுவதால் முறுக்கு விழுவது குறைவு. இங்கே விற்கும் இரட்டைத் தொட்டி இயந்திரங்களில் நான் பிரித்துப் பார்த்தவற்றில், அந்த உயரமான தண்டு பெரும்பாலும் பல்சேட்டரின் மேல் பொருத்தப்பட்ட ஒரு பிளாஸ்டிக் பாகம்தான். பல்சேட்டர் எப்படிச் சுழல்கிறதோ அப்படியே அதுவும் முழுச்சுற்றாகச் சுழலும். ஒரே திசையில் நெடுநேரம் சுழன்றால், ஐந்தரை மீட்டர் சேலை தலைப்பாகை சுற்றியதுபோல் அந்தத் தண்டைச் சுற்றிக்கொள்ளும். எனவே நீளத் துணி அதிகமுள்ள வீட்டுக்குத் தண்டு உள்ளதே நல்லது என்று என்னால் சொல்ல இயலாது. போர்வை, ஜீன்ஸ், தடித்த துண்டு போன்றவை அதிகம் என்றால் தண்டு பயன்படும். தொட்டியின் மேற்பகுதியில் நிற்கும் துணிக்கும் அது அசைவு கொடுக்கும்.

முறுக்கு விழுவதும் விழாததும் முதன்மையாக டைமரைப் பொறுத்தது. பல்சேட்டர் ஒரு திசையில் எத்தனை நொடி ஓடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, பிறகு எப்போது திசை மாறுகிறது என்பதைக் கடையிலேயே கைக்கடிகாரம் வைத்துப் பாருங்கள். திசை மாறும் இடைவெளி எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. மென்மை, இயல்பு, கடுமை என்று முகப்பில் எழுதியிருப்பது மோட்டாரின் வலிமையைக் கூட்டுவதோ குறைப்பதோ அன்று. டைமருக்குள் இருக்கும் பற்கள் ஓட்ட நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் மாற்றுகின்றன, அவ்வளவுதான். தண்ணீரில்லாமல் ஓரிரு நிமிடம் ஓட்டிக் காட்டச் சொன்னால் போதும். நெடுநேரம் அவ்வாறு ஓட்டினால், பல்சேட்டரைச் சுழற்றும் அடித்தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் சூடேறித் தேய்ந்துவிடும்.

மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பல்சேட்டரைக் கையால் சுற்றிப் பார்ப்பதும் நல்லது. மிக இலகுவாகச் சுழன்றால் மோட்டாரிலிருந்து பெல்ட் வழியாக மட்டும் சுற்று வருகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சற்றுக் கனத்துச் சுழன்றால் இடையில் கியர் பாக்ஸ் இருக்கும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த மோட்டார்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்று ஓடும். அதைக் குறைத்து வலிமையாக மாற்றுவதே பெல்ட்டும் கியரும் செய்யும் வேலை. உயரத் தண்டு வைத்த பெரிய பல்சேட்டரைக் கியர் இல்லாமல் ஓட்டினால், துணி கூடும்போது பெல்ட் வழுக்கும், மோட்டார் சூடேறும். அப்படிப்பட்ட இயந்திரங்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

பதில் 2: நெசவாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூர்

மதுரை நண்பர் கூறியதை ஒப்புக்கொள்கிறேன். துணியின் பக்கமிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

தொட்டியின் அடியில் ஒரு தட்டு சுழலும்போது, அது தண்ணீரை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட தண்ணீர் சுவரோரமாக மேலேறி, நடுவில் கீழிறங்குகிறது. துணி இந்த ஓட்டத்தோடு மேலேறிப் புரண்டு இறங்க வேண்டும். புரள்வதற்கு இடமில்லாவிட்டால் துணி ஒரே பந்தாகத் திரண்டு தட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு தட்டோடு சேர்ந்து சுழலும். முறுக்கும் கிழிசலும் பெரும்பாலும் அப்போதுதான் நேர்கின்றன. ஆகவே தட்டையான பல்சேட்டருக்குத் தண்ணீரைத் தாராளமாக ஊற்ற வேண்டும். தண்ணீரை மிச்சப்படுத்த எண்ணித் தொட்டியில் துணியைத் திணித்தால் அழுக்கும் போகாது, துணியும் கெடும். கையால் துவைப்பதோடு ஒப்பிட்டால், பல்சேட்டர் செய்வது அலசலுக்கு நெருக்கமானது. பழைய முறை அஜிடேட்டர் செய்வது கசக்கலுக்கு நெருக்கமானது. துவைகல்லில் அடிப்பதற்கு நிகரான வேலையை இரண்டுமே செய்வதில்லை என்பதால், காலர் அழுக்குக்கும் வேட்டியின் அடிக்கரைக்கும் முன்கூட்டியே சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுவது நல்லது.

துணி முறுக்கும் இந்தச் சிக்கல் பல்சேட்டரோடு சேர்ந்தே பிறந்தது. 1922-இல் அமெரிக்காவின் மேடேக் நிறுவனம், மூடியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த துவைப்பானை மாற்றி, தொட்டியின் அடியில் அஜிடேட்டரை வைத்த கைராஃபோம் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1948-இல் பிரிட்டனில் ஹூவர் நிறுவனம் வெளியிட்ட சிறிய இயந்திரத்தில் சுழல்தட்டு தொட்டியின் பக்கச் சுவரில் இருந்தது. விரைவாகத் துவைத்தது, துணியை முறுக்கவும் செய்தது. அந்த வகையைப் பின்பற்றியே ஜப்பானில் சான்யோ 1953-இல் தன் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பின்னர் தட்டு தொட்டியின் அடிக்கு நகர்ந்ததும், திசை மாற்றிச் சுழற்றும் முறை வந்ததும் துணியைக் காப்பாற்றவே. இன்று நாம் வாங்கும் இரட்டைத் தொட்டி இயந்திரம் அந்த வழியில் வந்ததுதான்.

மேலும் ஒன்று. பருத்தி நூல் நனையும்போது வலுக்கூடுகிறது. ரேயானோ நனையும்போது தன் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. ஆகவே உங்கள் மாமியாரின் பருத்திச் சேலை பல்சேட்டரைத் தாங்கும். வீட்டில் ரேயான் குர்த்தி, நைட்டி முதலியன இருந்தால் அவற்றையே அஞ்ச வேண்டும்; மென்மை அமைப்பில் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் ஓட்ட வேண்டாம். இவை இரண்டையும் ஒரே ஈட்டில் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

பதில் 3: இல்லத்தரசி, திருநெல்வேலி

நான் 3 கிலோ ஒற்றைத் தொட்டி இயந்திரத்தைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். இருவர் மட்டுமே உள்ள வீட்டுக்கு அது போதும். தூக்கி ஓரமாக வைக்கலாம். உங்கள் வீட்டுக்கு அதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். 3 கிலோ என்பது உலர்ந்த துணியின் எடை. ஒரு பருத்திச் சேலை அரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். கணக்குப்படி ஐந்து சேலை போடலாம் என்றாலும், புரள இடம் வேண்டுமென்றால் இரண்டுக்கு மேல் போட முடியாது. பிழியும் கூடையோ அதிலும் பாதிதான் கொள்ளும். கூடை பல்சேட்டரின் மேலேயே உட்காருவதால், துவைத்த துணி முழுவதையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் கூடையைப் பொருத்த வேண்டும். ஒன்று துவைந்துகொண்டிருக்கும்போதே மற்றொன்றைப் பிழியும் வசதி இரட்டைத் தொட்டியில் மட்டுமே உண்டு. தண்ணீர் குறைந்த நேரமே வரும் வீட்டில் அந்த வசதி மிகப் பெரிது.

முறுக்குக்கு நான் கையாளும் வழியைச் சொல்கிறேன். சேலையை நீளவாக்கில் நான்காக மடித்து, பிறகு கைக்குட்டை அளவுக்குத் தளர்வாக மடித்து, ஒரு வலைப்பையில் போட்டு முடிந்துவிடுவேன். ஒரு பைக்கு ஒரு சேலைதான். மிக அழுக்கான சேலைக்கு இது ஒத்துவராது. அன்றாடம் உடுத்தும் சேலைக்கு நன்றாக ஒத்துவருகிறது. வேட்டியையும் அவ்வாறே செய்யலாம். ரவிக்கைக் கொக்கிகளை மாட்டிவிட்டுப் போடுங்கள். ஊக்கு ஏதும் குத்தியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஓர் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன். சென்ற ஆண்டு மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் பல்சேட்டர் சுற்றவில்லை. வந்து பார்த்தவர் மோட்டார் போய்விட்டது என்று கூறிப் புது மோட்டாருக்கு முன்பணம் கேட்டார். மனம் ஒப்பாமல் வேறொருவரை அழைத்துக் காட்டினேன். பல்சேட்டரின் நடுவில் தண்டு பொருந்தும் பற்கள் தேய்ந்து வழுக்கியதுதான் காரணம்; பல்சேட்டரை மட்டும் மாற்றியதும் சரியாகிவிட்டது.

பதில் 1-இன் தொடர்ச்சி: மதுரை

திருநெல்வேலி அம்மா கூறியது மிகச் சரி. அந்தப் பழுதை யார் வேண்டுமானாலும் கண்டறியலாம். ஓசை கேட்கிறது, சுற்றவில்லை என்றால், மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பல்சேட்டரைக் கையால் திருப்பிப் பாருங்கள். அடியில் பெல்ட் நகராமல் பல்சேட்டர் மட்டும் வழுக்கிச் சுழன்றால் பற்கள் தேய்ந்துள்ளன. பெல்ட்டும் சேர்ந்து நகர்ந்தால் பெல்ட் தளர்ச்சியையோ, மோட்டாரைக் கிளப்ப உதவும் மின்பாகமான கண்டன்சரையோ பார்க்க வேண்டும். மோட்டாரைச் சந்தேகிப்பது அதற்கும் பிறகுதான்.

கேள்வி கேட்டவர்: நங்கநல்லூர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மீண்டும் கடைக்குச் சென்று ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டச் சொன்னோம். உயரத் தண்டு உள்ள இயந்திரம் இயல்பு அமைப்பில் ஏறக்குறைய அரை நிமிடம் ஒரே திசையில் ஓடியது. தட்டையான பல்சேட்டர் உள்ளது அதில் பாதி நேரத்திற்குள் திசை மாற்றியது. கையால் சுற்றியபோது கனமாகவும் இருந்தது. அதையே வாங்கிவிட்டோம். இன்று காலை நான்கு சேலைகளை இரண்டு ஈடுகளாக, இரண்டை வலைப்பையிலும் இரண்டைப் பையில்லாமலும் போட்டுப் பார்த்தேன். பையில் போட்டவை மடிப்புக் கலையாமல் வந்தன. பையில்லாதவை சற்றே முறுக்கியிருந்தன; ஆனால் ஒரு முறை உதறியதும் பிரிந்துவிட்டன. மாமியாருக்கு மிகவும் மகிழ்ச்சி.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. வாளியில் வெள்ளைப் படிவு படியும். பல்சேட்டரின் அடியிலும் அது சேருமா? நாங்களே கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

பதில் 1-இன் தொடர்ச்சி: மதுரை

கட்டாயம் சேரும். கடினநீரில் சோப்புக் கரையாமல் பிசுக்காக மாறிப் பல்சேட்டரின் அடியில் நூல்பிசிறோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். துணியில் சாம்பல் நிறத் திட்டுகள் விழுவது அதனால்தான். கட்டிச் சோப்பைச் சீவிப் போடுவதைவிடச் சலவைத்தூள் போடுவது இந்தத் தண்ணீருக்கு ஏற்றது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, பல்சேட்டரின் நடுவிலுள்ள மூடியை எடுத்து, உள்ளே இருக்கும் ஒற்றைத் திருகைக் கழற்றுங்கள். பல்சேட்டர் இறுகியிருந்தால் ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், தொட்டி கீறிவிடும். விளிம்புக்கடியில் இரு பக்கமும் நாடாவைக் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். அடியிலுள்ள படிவைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நாணயமோ ஊக்கோ கிடந்தால் எடுத்துவிட்டு, தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீலின் ரப்பர் உதடு கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மீண்டும் பொருத்தும்போது திருகை அளவோடு இறுக்குங்கள், மிகுதியாக இறுக்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

குளியலறைக்கு வெளியே ஈரமான இடத்தில் வைத்திருப்பதால் மூன்று முனைப் பிளக்கில் எர்த் இணைப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஒரு மின்பணியாளரைக் கொண்டு இந்த வாரமே பார்த்துவிடுங்கள், சகோதரி.