மடக்குக் கத்தி பிளேடுல கருப்புக் கோட்டிங் உரியுது, முழுசா எடுக்கறது எப்படிங்க?

கோபி_வாழைத்தார்
வணக்கமுங்க. மூணரை இஞ்ச் பிளேடு இருக்கற மடக்குக் கத்தி. பிளேடுல 8சிஆர்13எம்ஓவி-னு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ஒரு வகை) அடிச்சிருக்கு. லைனர் லாக் (திறந்த பிளேடை உள்பக்கத் தகடு முட்டிப் புடிக்கறது), நட்சத்திர ஸ்குரூ. வாழைக்கு முட்டுக் கட்டற கயிறு, சொட்டுநீர் டியூப் அறுக்கத்தான் முக்காவாசி வேலை, நடுவுல பழமும் நறுக்கறது. வாய்ப்பக்கம் (வெட்டற பக்கம்) ஓரமா கருப்பு திட்டுத்திட்டா உரிஞ்சு பழத்துல ஒட்டுது. முழுசா எடுத்துட்டு வெள்ளையா வெச்சுக்கலாமுன்னு இருக்கேன். வினிகர்ல ராத்திரி பூரா ஊறப் போடுன்னு ஒருத்தர், பாத்ரூம் ஆசிட் போதும்னு இன்னொருத்தர், கிரைண்டர்ல ஃபிளாப் வீல் (உப்புத்தாள் மடிப்பு வெச்ச சக்கரம்) போட்டா அஞ்சு நிமிசம்னு இன்னொருத்தர். எதுங்க சரி?

பீளமேடு_ஜாப்ஒர்க்
மூணும் வேண்டாமுங்க. மொதல்ல அது என்ன கருப்புன்னு பாக்கோணும். மூணு வகை இருக்கு.

பிளாக் ஆக்சைடுன்னா இரும்போட மேல்தோலே கருப்பா மாறினது. ஒரு மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கனம்தான் இருக்கும். அது தேயும், உரியாது. பெயிண்ட் இல்லாட்டி பவுடர் கோட்டிங்னா மேல ஒட்டின தோல், அதனால சில்லு சில்லா பேரும். மூணாவது பி.வி.டி., டி.எல்.சி. மாதிரி வெற்றிட அறையில ஏத்தறது. கனம் ரெண்டு மூணு மைக்ரான்தான், ஆனா அடியில இருக்கற ஸ்டீலை விட ரொம்பக் கெட்டி. கோடு விழும், மங்கும், செதில் செதிலா பழத்துல ஒட்டாது.

நீங்க சொல்றதைப் பாத்தா பெயிண்ட்டாட்டத்தான் தெரியுது. பஞ்சுல என்.சி. தின்னர் (பெயிண்ட் கரைக்கற திரவம்) நனைச்சு பிளேடு முதுகோரம் ஒரு நிமிசம் தேயுங்க. பஞ்சு கருப்பாச்சுன்னா பெயிண்ட். ஆகலைன்னா வினிகர் ரெண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிசம் கழிச்சு துடைங்க. அந்த இடம் சாம்பலா வெளுத்தா ஆக்சைடு. ரெண்டுக்கும் அசையலைன்னா பவுடர் கோட்டிங், இல்லாட்டி பி.வி.டி. குண்டூசியில கீறிப் பாருங்க. தோல் பேந்தா பவுடர், ஊசி வழுக்குனா பி.வி.டி.

சூலூர்_பட்டறை
பாத்ரூம் ஆசிட்டை ஒண்ணுக்குப் பத்து தண்ணி கலந்து முக்கினா எந்தக் கருப்பும் நிக்காதுங்க. எதுக்கு இத்தனை டெஸ்ட்டு?

பீளமேடு_ஜாப்ஒர்க்
@சூலூர்_பட்டறை அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுங்ணா. பெயிண்ட்டை ஒண்ணும் பண்ணாது, பெயிண்ட் பேந்த இடத்துல இருக்கற ஸ்டீலைத்தான் திங்கும். குரோமியம் 13 சதவீதம் இருக்கற ஸ்டீல்ல குளோரைடு பட்டா ஊசி குத்துனாட்ட குழி விழும். அந்தக் குழியிலிருந்துதான் பொறகு துரு கிளம்பும். கழுவாம விட்ட ஆசிட்டு பிவட் (பிளேடு மடங்கற அச்சு) ஓட்டைக்குள்ள உக்காந்துட்டா கதை முடிஞ்சது.

ராத்திரி பூரா வினிகரும் அதே மாதிரித்தான், கொஞ்சம் மெதுவா. கடை வினிகர் 4 சதவீதம் அசிட்டிக் ஆசிட். ஆக்சைடுன்னா அரை மணி நேரம் போதும், ஸ்டெயின்லெஸ் மேல ஏத்துனதுன்னா நடுவுல எடுத்து எடுத்து ஸ்காட்ச் பிரைட் போட்டுத் தேய்ச்சு ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல போனா மொதல்ல கரையறது மெல்லிசா இருக்கற வாய்தான். வினிகருக்குப் பதிலா மளிகைக் கடை எலுமிச்சை உப்பு லிட்டருக்கு 50 கிராம் போட்டாலும் ஆகும், நாத்தம் இருக்காது. எடுத்தவுடனே ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கரைச்ச தண்ணியில அலசி, துணியில துடைச்சு, அப்பவே எண்ணெய் பூசிரோணும். சும்மா வெச்சா செம்மண் கலர்ல மெல்லிசா துரு ஏறலாம்.

குறிச்சி_பப்பிங்
கிரைண்டர் பத்தி யாரும் சொல்லலை. ஃபிளாப் வீல் வேண்டவே வேண்டாமுங்க. நுனியும் வாயும் மெல்லிசு, சூடு அங்கதான் மொதல்ல ஏறும். 200 டிகிரியைத் தாண்டிப் போச்சுன்னா பதம் (ஸ்டீலோட கெட்டி) இறங்க ஆரம்பிச்சிரும். கலர் மாறலையேன்னு நம்பக் கூடாது, ஸ்டெயின்லெஸ்ல கலர் தெரியறதுக்கு முன்னாடியே பதம் போயிருக்கும். வெறுங்கையில புடிக்க முடியாத சூடே ஜாஸ்தின்னு வெச்சுக்கங்க. இன்னொண்ணு, வீல் கத்தி வாயைக் கவ்வுச்சுன்னா எங்க பறக்கும்னு சொல்ல முடியாது.

பி.வி.டி.-யா இருந்தா வாட்டர் பேப்பர் (தண்ணி தொட்டுத் தேய்க்கற உப்புத்தாள்) வெச்சுத் தேய்ச்சாக் காகிதம்தான் தீரும். பிளாஸ்டிங் (காத்து அழுத்தத்துல பொடி அடிக்கறது) பண்றவங்ககிட்ட அலுமினியம் ஆக்சைடு பொடியில ஒரு அடி வாங்கோணும். கண்ணாடி மணியில போகாது, மினுக்கத்தான் செய்யும். அதுக்குச் செலவழிக்கறதை விட அப்படியே விட்டுட்டு கத்தியைப் புழங்கறது மேல்.

கோபி_வாழைத்தார்
தின்னர் போட்டதுல பஞ்சு கருப்பாயிருச்சுங்க. ஆனா முழுசா வரலை, மேலாப்புல மட்டும் பிசுபிசுன்னு ஆகுது. ஸ்குரூ கழட்டியே ஆகோணுமுங்களா?

பீளமேடு_ஜாப்ஒர்க்
ஆமாங்க, கழட்டோணும். தின்னர்ல முழுசா வராததுனால பெயிண்ட் ரிமூவர் போடோணும், அது பிளாஸ்டிக் வாஷரையும் கைப்பிடியையும் கூழாட்ட ஆக்கிரும்.

நட்சத்திர பிட் சைஸ் கைப்பிடி ஸ்குரூவுக்குப் பெரும்பாலும் டி6, பிவட்டுக்கு டி8. சரியான பிட் இல்லாம முயற்சி பண்ணாதீங்க, தலை வழுக்கிருச்சுன்னா டிரில் போட்டுத்தான் எடுக்கோணும். இறுகிக் கெடந்தா உள்ள லாக்டைட் (ஸ்குரூ தளராம இருக்கப் போடற பசை) இருக்குன்னு அர்த்தம். பத்தவைக்கற சால்டரிங் அயர்னை ஸ்குரூ தலையில ஒரு நிமிசம் வெச்சுப்போட்டு சூட்டோட திருப்புங்க. எந்த வாஷர் எந்தப் பக்கம்னு போட்டோ எடுத்துக்கங்க.

வாய்க்கு மேல மாஸ்கிங் டேப் ரெண்டு சுத்து ஒட்டுங்க, கைக்குத்தான் அது. ரிமூவரைப் பிரஷ்ல கனமாப் பூசி, பாலிதீன் கவர் போட்டு மூடி 15 - 20 நிமிசம் விடுங்க. தோல் சுருங்கி மேல எந்திரிக்கும். மூங்கில் சில்லுல வழிச்சு எடுங்க, இரும்புல சுரண்டாதீங்க. வரலைன்னா இன்னொரு கோட். வாசல்ல, காத்தோட்டத்துல பண்ணுங்க, அடுப்பு பக்கத்துல கூடாது. மெல்லிசு கையுறை அந்த மருந்துக்குத் தாங்காது, கனத்த ரப்பர் போடுங்க.

லைனர் வந்து முட்டற பிளேடு அடிப்பாகத்தையும், டீட்டெண்ட் குண்டு (மடக்குன பிளேடு தானா திறக்காமப் புடிக்கற சின்ன குண்டு) உக்கார்ற குழியையும் எதையும் வெச்சுத் தேய்க்காதீங்க. அங்க ஒரு மயிரிழை கொறைஞ்சாலே லாக் தளரும்.

குறிச்சி_பப்பிங்
பெயிண்ட் போனதும் பளபளன்னு இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. பெயிண்ட் புடிக்கறதுக்காக அடியில சொரசொரப்பா பிளாஸ்ட் பண்ணியிருப்பாங்க. அந்தச் சொரசொரப்புலதான் வாழைக் கறை ஏறி உக்காரும், ஈரமும் தங்கும். பிளேடை மரக்கட்டை மேல டபுள் டேப்ல ஒட்டி, வாட்டர் பேப்பரை ரப்பர் துண்டுல சுத்தி, சோப்புத் தண்ணி தொட்டு 220, 400, 600, 800-னு போங்க. எப்பவும் முதுகுல இருந்து வாய்ப்பக்கம், ஒரே திசை. முந்தின நம்பரோட கோடு மறையற வரைக்கும் அடுத்ததுக்குத் தாவாதீங்க. 220-ல அவசரப்பட்டா 800-ல எத்தனை தேய்ச்சாலும் அந்தக் கோடு நிக்கும். பிளேடுல அடிச்ச எழுத்து லேசர்ல போட்டதுன்னா சேர்ந்தே போயிரும், பாத்துக்கங்க.

கோபி_வாழைத்தார்
சரிங்க. பிவட்டுக்குத் தேங்காண்ணெய் விட்டாப் போதுங்களா?

பீளமேடு_ஜாப்ஒர்க்
வேண்டாமுங்க. மார்கழிக் காலையில பாட்டில்ல உறையற எண்ணெய் பிவட்டுலயும் உறையும், நாள்பட்டா பிசினாயிரும். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. பழம் நறுக்கறதுனால வெளிப்பக்கத்துக்கு மட்டும் உணவுக்கு ஆகற மினரல் ஆயில் துடைச்சு விடுங்க. மாட்டறப்ப பிவட்டை முழுசா முறுக்கி, பொறகு அரைக்கால் சுத்து தளர்த்துங்க. பக்கவாட்டுல ஆடவும் கூடாது, திறக்கறப்ப இறுக்கவும் கூடாது. பெயிண்ட் கனம் போனதுனால மொதல் தடவை லேசா ஆடத்தான் செய்யும். இன்னும் கொஞ்சம் முறுக்குனாச் சரியாப் போயிரும்.